சடையன் காட்டுச் சாமை

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அரங்கநாதனுக்கு முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு. புளி, கடுக்காய், சாமை, தினை என்று கல்வராயன் மலையிலிருந்து எது இறங்கினாலும் அவன் வாசலில் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் மேற்கொண்டு போகும். வாய் அப்படி. அவன் புளியங்கொட்டையைக் கையில் எடுத்துப் பேச ஆரம்பித்தால், கேட்கிறவன் கண்ணுக்கு அது மெல்ல மெல்ல முந்திரியாகத் தெரியத் தொடங்கும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொல்வார்கள்.

அவ்வளவு வாயை வைத்துக்கொண்டும் நைனார்பாளையத்தில் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்ட மனைவி ராணியம்மாளை அவனால் திரும்ப அழைத்துவர முடியவில்லை. மாசியில் போனவள். எண்பத்தேழாம் வருஷத்து ஆவணியும் பிறந்துவிட்டது.

பிள்ளை இல்லாத வீடு. இருந்த ஒரு சத்தமும் அவளோடு போயிற்று. இரவு மண்டியைப் பூட்டிவிட்டு நடுக்கதவைத் திறந்தால் எண்ணெய் காணாத அடுப்பங்கரையின் வறட்டு வாசனை முகத்தில் அடிக்கும். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக் கிண்ணம் மட்டும் காலியாக இருந்தது. வாங்கிப் போட மனசு வரவில்லை. கடைசியாகத் தாளித்தவள் அவள்; அந்தக் காலிக் கிண்ணமாவது அவள் வைத்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். பக்கத்து வீட்டில் யாராவது குழம்புக்குத் தாளித்தால் இவன் தலை தானாகத் திரும்பும். திரும்பி, சுவரைப் பார்த்துவிட்டு, மெஸ்ஸில் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரிப்பான்.

அவள் போனதற்குக் காரணம் ஒரு சோறு. மாமனார் கருமாதிக்கு அரிசி தன் பொறுப்பு என்று அரங்கநாதன் மார்தட்டி ஏற்றுக்கொண்டான். மாதிரிக்கு ஒரு படி பழைய பொன்னி கொடுத்தனுப்பினான். உதிர் உதிராக வெந்தது, ஊரே மெச்சியது. பிறகு போன மூட்டைகளில் மேலே ஒரு மரக்கால் மட்டும் அந்தப் பொன்னி. அதற்குக் கீழே அந்தப் போகத்துப் புது அரிசி. மண்டித் தெருவில் எல்லோரும் செய்கிற காரியம்தான், கை பழகிவிட்டது. பந்தியில் சோறு களியாகி, இலையில் ஊற்றிய குழம்பு அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. நானூறு பேர் பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். மச்சான் சின்னராசு மூடிய இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். ராணியம்மாள் ஈரக்கையோடு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"ஊர ஏமாத்தற, சரி, அது ஏவாரம். எங்கப்பன் எலையிலயுமா கலந்துட்ட?"

அவ்வளவுதான். கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பியபோது அவள் கிளம்பவில்லை.

ஆவணி முதல் வாரத்தில் சின்னராசு உளுந்து போட மண்டிக்கு வந்தார். காடு கழனியில் கறுத்துப்போன மனுஷர், பேச்சை அளந்து போடுகிறவர். வியாபாரம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போகாமல் நின்றார்.

"மாப்ள, புரட்டாசி மொதல் சனிக்கெழம பெருமாளுக்குத் தளிகை போடறோம். இந்த வருஷம் மானம் பொய்ச்சிப் போச்சா, நெல்லுச் சோறு வேணாம், சாமைச் சோறா போடலாம்னு ராணி சொல்லுது. ரெண்டு மூட்ட வேணும்."

அரங்கநாதன் கணக்கு நோட்டை மூடினான். "ராணியா? எங்கிட்ட வாங்கச் சொல்லிச்சா?"

"ஒங்கிட்டன்னு சொல்லல. வேற யார்கிட்டயும்னும் சொல்லல." சின்னராசு கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஆனா ஒரு கண்டிசன் போட்டுச்சி. மாதிரி குடுக்கணுமாம். மாதிரிய அதுவே வெச்சிக்குமாம். மூட்ட வர்றப்ப மாதிரியும் மூட்டயும் ஒண்ணா இருக்கணும், வாயால இன்னா சொல்லி விக்கிறியோ அதுவாவும் இருக்கணும். ரெண்டுல எது கொறஞ்சாலும், 'நான் செத்தாலும் அந்த வூட்டுக்கு வரமாட்டேன், சொல்லிடு'ன்னுச்சி."

"கொறயலன்னா?"

"அத அது சொல்லல. நானா கேட்டுக்கவும் இல்ல. கேட்டா அதுக்கும் சேத்துத் திட்டு வுழும்."

அரங்கநாதன் எழுந்து நின்றான். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்தது ஒன்று அவன் நெஞ்சில் மேலெழுந்து வந்தது. கல்யாணமான புதிதில் கடுக்காய் வாங்க வெள்ளிமலைக்குப் போனபோது ராணியையும் அழைத்துப் போயிருந்தான். மழை பிடித்துக்கொண்டது, ஜீப் ஏறவில்லை. இரண்டு நாள் சடையன் குடிசையில் தங்கினார்கள். சடையன் பெண்சாதி பாப்பாத்தி உரலில் சாமை குத்த, ராணி உலக்கையைப் பிடுங்கித் தானும் குத்தினாள். உள்ளங்கை கொப்பளித்து, அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். சுடச்சுடச் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. விற்க ஆள் இல்லாத இடம் என்பதால் அந்த இரண்டு நாளும் அரங்கநாதன் பொய்யே பேசவில்லை. அவளுக்கு அது தெரியுமோ என்னவோ, வாழ்நாளில் அவனை அப்படிப் பார்த்துச் சிரித்தது அந்த இரண்டு நாள்தான்.

"மச்சான், போய் சொல்லு," என்றான். "சடையன் காட்டுச் சாமை. பாப்பாத்தி கையால உரல்ல குத்தினது. நாங்க ரெண்டு பேரும் சாப்ட்ட அதே சாமை. ரெண்டு மூட்ட."

அதைச் சொல்லிக்கொண்டே மாதிரி அள்ளப் போனான். இங்கேதான் கை சதி செய்தது. சடையன் சாமை அன்று மண்டியில் ஒரு மணி கூட இல்லை. இனிமேல்தான் சொல்லி அனுப்பி வரவழைக்க வேண்டும். உள்ளே நின்றது மில்லில் தீட்டின வேறு சீமைச் சாமை, முத்துப்போல வெள்ளை வெளேரென்று. வாய் மலைமேல் நின்றது. கை தன் பாட்டுக்குக் குத்தூசியை மில் மூட்டையில் செருகி, ஒரு படி இழுத்து, துணியில் முடிந்து சின்னராசு கையில் கொடுத்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம். மச்சான் தெருமுனை தாண்டிய பிறகுதான் அரங்கநாதனுக்கு உறைத்தது. ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். 'சாமை சாமைதானே, சடையனுதும் வெள்ளையாத்தான் இருக்கும்' என்று தன்னிடமே ஒரு வியாபாரம் பேசி முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சடையன் புதன்கிழமை சாயங்காலம் வெள்ளிமலை பஸ்ஸின் கூரையிலிருந்து இரண்டு மூட்டையை இறக்கினார். அறுபது வயது, ஒடிசலான உடம்பு. மண்டி வைத்தவன் எவனானாலும் மலைக்காரர்களுக்குச் செட்டியார்தான்; அரங்கநாதன் செட்டியார் இல்லையென்று அவரிடம் எத்தனை முறை சொல்லியும் பயனில்லை.

"செட்டியாரே, சொன்னபடி குத்திக் கொண்டாந்துட்டேன். இருவது நாளு. பாப்பாத்தி கை ரெண்டும் வெறகுக் கட்ட மாதிரி ஆயிடுச்சி. அந்தப் பொண்ணு திங்கிறதுக்கா, அப்ப நானே குத்தறேன்னு மருமவள கூட கிட்ட சேக்கல."

அரங்கநாதன் மூட்டையைப் பிரித்துக் கை விட்டான். பழுப்பும் சிவப்புமாக, தவிடு போகாத, சிறுத்த மணி. போன வருஷம் மலையிலும் மழை இல்லை. விரல்களுக்கு நடுவில் இரண்டு கல் வேறு நெருடியது. மில் சாமைக்குப் பக்கத்தில் வைத்தால் கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் களையெடுத்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

"இன்னா செட்டியாரே, பேச்ச காணோம்?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்குது."

அன்று ராத்திரியே ரோடு மூடிக்கொண்டது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை விடிந்தபோது சேலம் ரோட்டில் ஐம்பதடிக்கு ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்பதாகப் பேச்சு. பஸ் இல்லை, தபால் இல்லை, பால் இல்லை. சடையன் மலை ஏற வழியில்லாமல் மண்டியிலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார்.

கோர்ட்டும் நடக்கவில்லை. வக்கீல் குமாஸ்தா கண்ணாயிரம் எதிர் டீக்கடையில் பால் இல்லாத டீயைக் குடித்துவிட்டு நாட்டையே திட்டிக்கொண்டிருந்தார். சட்டப் புத்தகத்தைத் தூக்கித் தூக்கியே தோள் சாய்ந்துபோனவர். அரங்கநாதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒருத்தன் மாதிரி காட்டி சரக்கு விக்கிறான். பேரும் சொல்லி விக்கிறான். சட்டம் இன்னா சொல்லுது?"

"யாரு அந்த ஒருத்தன்?"

"தெரிஞ்சவன்."

"எனக்கும் தெரிஞ்சவன்தான் போல." கண்ணாயிரம் கிளாசைக் கீழே வைத்தார். "சாம்பிள் காட்டி வித்தா மூட்ட சாம்பிளுக்கு ஒக்கணும். இன்ன சரக்குன்னு சொல்லி வித்தா அந்தச் சொல்லுக்கு ஒக்கணும். ரெண்டும் பண்ணியிருந்தா ரெண்டுக்கும் ஒக்கணும். சாம்பிள் அச்சு அசலா இருக்குதேன்னு தப்பிச்சிக்க முடியாது. வெள்ளக்காரன் போட்ட சட்டம், இன்னும் அப்டியே இருக்குது."

"சாம்பிளுக்கு ஒத்தது ஒரு மூட்ட, சொல்லுக்கு ஒத்தது வேற மூட்டன்னா?"

"ரெண்டு மூட்டயும் தப்பு. வாங்கறவன் இஷ்டப்பட்டா தூக்கி எறிஞ்சிடலாம்."

"எறியாம வெச்சிக்கினா?"

"வெச்சிக்கினா அப்புறம் திருப்பி அனுப்ப முடியாது. நஷ்டம் வேணா கேக்கலாம்." கண்ணாயிரம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "நைனார்பாளையத்துக் கேசா? தோ பாரு அரங்கநாதா, பொண்டாட்டிக்கு இன்னா நஷ்டம், எம்மாம் நஷ்டம்னு எந்தக் கோர்ட்டும் சொல்லாது. அத அது சொல்லும். நீ கட்டணும்."

மதியம் முழுக்க அரங்கநாதன் இரண்டு சரக்கையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மில் சாமையை அனுப்பினால் அவள் கையில் இருக்கிற மாதிரியோடு மணிக்கு மணி ஒத்துப்போகும். சடையன் பேர் மட்டும்தான் பொய். மணியின் நெற்றியில் பேர் எழுதியா இருக்கிறது? மலைச்சாமையை அனுப்பினால் பேர் நிஜம், ஆனால் தட்டில் கொட்டின நொடியே, 'இது அது இல்லை' என்பாள். கதை முடிந்தது. மில் மூட்டைதான் போகவேண்டும். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவள் வந்து அந்தக் கிண்ணத்தில் கடுகு போட்டுவிட்டால் போதும். மிச்சப் பொய்யை அவன் சாகும்வரை தனியாகச் சுமந்துகொள்வான், அதற்கென்ன.

வெள்ளிக்கிழமை விடியலில் வண்டிக்காரன் பிச்சைமுத்து மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தான். இருபது வருஷமாக மண்டி மூட்டை ஏற்றுகிறவன். மில் சாமை இரண்டு மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டதும் சடையன் சாக்கிலிருந்து எழுந்து வந்து நின்றார். தன் மூட்டைகள் சுவரோரம் இருப்பதைப் பார்த்தார், வண்டியில் இருப்பதையும் பார்த்தார்.

"இது வேறங்களே செட்டியாரே."

"உன்னுது அப்புறம் போவும். மொதல்ல இது."

"தளிகை நாளைக்குங்களே?"

அரங்கநாதன் தாம்புக்கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிற பாவனையில் குனிந்துகொண்டான்.

சடையன் கோபப்படவில்லை. கோபப்படத் தெரிந்த ஆளும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு, வழி கேட்கிறவர் மாதிரிக் கேட்டார்: "எனக்கு இன்னாங்க, காசு குடுத்தா போயிடுவேன். மேல போனதும் பாப்பாத்தி கேப்பாளே, அந்தப் பொண்ணு சாப்ட்டுட்டு இன்னா சொல்லிச்சின்னு. நான் இன்னான்னு சொல்லட்டும்? சொல்லிக் குடுங்க, அப்டியே சொல்லிடறேன்."

எந்தச் சரக்குக்கும் அந்த இடத்திலேயே பத்து வார்த்தை தயாராக வைத்திருக்கிறவன் அரங்கநாதன். பாப்பாத்திக்குச் சொல்லி அனுப்ப ஒரு வார்த்தை தேடினான். அகப்படவில்லை.

"பிச்சமுத்து," என்றான் கடைசியில். "எறக்குடா."

"மொதலாளி?"

"அத எறக்கு. சடையன் மூட்டய ஏத்து."

"நேத்து பூரா யோசன பண்ணி இதத்தான ஏத்தச் சொன்னீங்க?"

"யோசன பண்ணினதுதான்டா தப்பு. ஏத்து."

மண்டியைச் சடையனிடம் விட்டுவிட்டு அரங்கநாதனும் வண்டியில் ஏறிக்கொண்டான். சேலம் ரோடு ஆகாது என்று பிச்சைமுத்து கிளைப்பாதைகளில் வண்டியை விட்டான். வழியெல்லாம் மழை பார்க்காத மண். வாடி நின்ற வேர்க்கடலைக் கொல்லைகள், ஒரு முழத்துக்கு மேல் வளராத கரும்பு. ஆனாலும் மூன்று இடத்தில் ரோட்டைத் தாண்டியே ஆகவேண்டும்; மூன்றிலும் மரம். முதல் இரண்டில் வண்டியைக் கழனியில் இறக்கிச் சுற்றினார்கள். சின்னசேலம் பக்கத்து மரத்துக்கு இரு புறமும் வாய்க்கால். சுற்ற வழியில்லை. மரத்தின்மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் குதித்து இறங்கி வந்தான். சின்னராசுவின் மகன் இளஞ்செழியன்; ஐடிஐ முடித்து ஐந்து வருஷமாக வேலைக்கு மனு எழுதிக்கொண்டிருப்பவன்.

"மாமா! நீங்களா? மறியல் நேரத்துல சரக்கு வண்டி ஓட்டறது மண்டிக்காரங்களாலதான் முடியும்."

"தளிகைக்குச் சாமடா. உங்க வூட்டுக்குத்தான்."

"தெரியும், அத்த சொல்லிச்சி. ஆஸ்பத்திரிக்குப் போறது, சாமிக்குப் போறது ரெண்டயும் வுட்டுடுவோம். பொண்டாட்டி கால்ல வுழப் போறதுக்குத் தனியா ஒரு ரூலு போடணும்." மரத்தின்மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். "டேய், வாங்கடா, எங்க மாமா மூட்டய அந்தப் பக்கம் தூக்கி வைங்க. மாட்ட அவுத்துட்டா வண்டியயும் தூக்கிடலாம்."

தூக்கும்போது மூட்டை வாயிலிருந்து கொஞ்சம் சிந்தியது. இளஞ்செழியன் அதை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. அரங்கநாதனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"மாமா, அத்த வெச்சிருக்கற மாதிரி இது இல்லியே. அது வெள்ளையா இருக்கும். தெனம் அத எடுத்து எடுத்துப் பாக்குது."

"தெனமுமா பாக்குது?"

"வெளக்கேத்தினதும் பிரிச்சிப் பாத்துட்டு மறுபடி முடிஞ்சி வெச்சிடும். இதப் பாத்தா வண்டியோட திருப்பிடும். தெரிஞ்சிதான் எடுத்தார்றீங்களா?"

"தெரிஞ்சிதான்."

இளஞ்செழியன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "நாங்க மரத்த வெட்டிப் போட்டதே பெரிய தைரியம்னு நெனச்சிக்கினு இருந்தோம் மாமா," என்றான்.

நைனார்பாளையம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சின்னராசு வீட்டு வாசலில் நாளைக்கான காய்கறி குவிந்து கிடந்தது. ராணியம்மாள் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தவள் வண்டிச் சத்தத்தில் நிமிர்ந்தாள். ஏழு மாதத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். முன்நெற்றியில் புதிதாக நாலு நரை. தான் இல்லாத இடத்தில் அவளுக்கு நரைத்துவிட்டதே என்று அரங்கநாதனுக்கு எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது.

"வாங்க," என்றாள், ஊருக்குப் புதிதாக வந்தவரைக் கேட்பதுபோல.

பிச்சைமுத்து மூட்டையை இறக்கினான். அவள் உள்ளே போய் முடிச்சையும் ஒரு பித்தளைத் தட்டையும் கொண்டுவந்தாள். தட்டின் ஒரு பாதியில் முடிச்சிலிருந்ததைக் கொட்டினாள். மூட்டையில் கைவிட்டு அள்ளி மறு பாதியில் கொட்டினாள். வெள்ளை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்.

"இது அது இல்ல," என்றாள் ராணியம்மாள்.

"இல்ல." அரங்கநாதன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாதிரி பொய். மண்டில இருந்த மில்லு சாமைய அள்ளிக் குடுத்துட்டேன். மூட்டதான் சடையன் காட்டுது. பாப்பாத்தி குத்தினது. வாய் சொன்னது நெசம், கை காட்டினது பொய். நீ திருப்பி அனுப்பலாம். சட்டம் உன் பக்கம்தான்."

"சட்டம் வேற கேட்டுக்கினு வந்தியா?"

"கண்ணாயிரத்துக்கிட்ட கேட்டேன்."

"அந்தாளு எந்தப் பக்கம்னு சொன்னாலும் அந்தப் பக்கம்தான் தோக்கும்." அவள் தட்டைக் குலுக்கவில்லை, இரண்டையும் கலக்க விடாமல் அப்படியே பிடித்திருந்தாள். "மாதிரி வந்த அன்னிக்கே தெரியும் எனக்கு. நான் குத்தின சாமை எனக்குத் தெரியாதா? உரல்ல குத்தினது இப்டி கண்ணாடி மாதிரி இருக்குமா? எங்கண்ணன் முடிச்சப் பிரிச்சிக் காட்டி, சடையன் காட்டுதாம் ராணின்னு சந்தோசமா சொல்லுது. பேசாம வாங்கி வெச்சிக்கினேன்."

"தெரிஞ்சா ஏன் அப்பவே சொல்லியனுப்பல?"

"எது வருதுன்னு பாக்கத்தான்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "இதே வெள்ள சாமை வந்திருந்தா வண்டிய தெருமுனையிலயே திருப்பியிருப்பேன். சத்தியமா."

அரங்கநாதன் அவிழ்ந்த மூட்டை வாயைச் சுருட்டி மடக்கினான். அன்று விடியலில் வண்டியில் முதலில் ஏற்றிய மூட்டை எது என்பதை எண்ணிப் பார்த்தான். அதையும் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. சொல்லாவிட்டால் இதுவும் பாதிதான்.

"காலைல அதத்தான் ஏத்தினேன்," என்றான். "அப்புறம் எறக்கினேன். சடையன் ஒரு வார்த்த கேட்டாரு, அதனால எறக்கினேன். அவரு கேக்கலன்னா அதுதான் வந்திருக்கும்."

ராணியம்மாள் தட்டிலிருந்த வெள்ளைச் சாமையை மட்டும் வழித்துத் திரும்ப முடிச்சில் போட்டாள். வண்டிமாடு தலையை ஆட்ட, மணி இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது.

"அண்ணா, மூட்ட இருக்கட்டும்," என்றாள் பிறகு. "கல்லு ஜாஸ்தியா இருக்குது, பொறுக்கணும். ரெண்டு மொறம் எடுத்துக்கினு வா. இவரும் ஒண்ணு எடுத்துக்கட்டும்."

விளக்கேற்றியதும் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து கல் பொறுக்கினார்கள். நடுவில் ஒரே ஆம்பிளையாக அரங்கநாதன். முறத்தைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாக எடுத்தான்.

"மண்டிக்காரரு கல்லு பொறுக்கறதப் பாருங்கடி," என்றாள் ஒருத்தி. "போடறவங்க கையிலயே எடுக்கற வேலையும் குடுத்தாச்சி."

"அண்ணே, பாத்து. கல்ல இந்தப் பக்கம் போடுங்க, பழக்க தோசத்துல திரும்ப மொறத்துலயே போட்டுடப் போறீங்க."

ராணியம்மாள் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் இழுபட்டதை அவன் பார்த்தான். இரண்டு முறங்களுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி. அந்த ஒரு முழத்தை எப்படிக் கடப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணாடி வளையல் முறத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இது முடியவே வேண்டாம், மலையில் இருக்கிற கல் எல்லாம் இந்தச் சாமையிலேயே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"பாப்பாத்தி எப்பிடி இருக்குது?" என்றாள் அவள், முறத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

"இருவது நாளு தனியா குத்திச்சாம். உனக்குன்னு."

"கை?"

"காப்புக் காச்சிப் போச்சாம்."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பி ஒரு கணம் விளக்கொளியில் பார்த்துவிட்டு மறுபடி பொறுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் தளிகை நன்றாகவே நடந்தது. சாமை கொஞ்சம் கரகரவென்றுதான் இருந்தது. மொச்சைக் குழம்பில் அது தெரியவில்லை. யாரும் பாதியில் எழவில்லை. மாசியில் இலையை மூடிவிட்டுப் போன கிழவர் ஒருவர் மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ராணியம்மாள் அவன் இலைக்கும் பரிமாறினாள். மற்றவர்களுக்குப் போட்ட அளவுதான், ஒரு கரண்டி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அரங்கநாதன் ஒரு பருக்கை விடாமல் தின்றான்.

கிளம்புகிற நேரத்தில் அவன் சின்னராசுவிடம் சொல்லிக்கொண்டு வண்டியருகே நின்றான். அவள் வருவாள் என்றோ மாட்டாள் என்றோ யாரும் பேச்செடுக்கவில்லை. பெட்டி எதுவும் வெளியே வரவில்லை. பிச்சைமுத்து மாட்டைப் பூட்டினான். வண்டி நகரப் போகையில் ராணியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"சடையன்கிட்ட சொல்லு. சாப்ட்டேன், அன்னிக்குச் சாப்ட்ட மாதிரியே இருந்திச்சின்னு பாப்பாத்தியாண்ட சொல்லச் சொல்லு."

"சொல்றேன்."

"நான் வரல."

"சரி."

"இப்ப வரல," என்றாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். "அடுத்த சனிக்கெழம வேணா வா."

"இன்னா எடுத்தாறட்டும்?" அவன் யோசிப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது.

"ஒண்ணும் எடுத்தாராத. மூட்ட வேணாம், முடிச்சி வேணாம், பூவு கூட வேணாம். இன்னது கொண்டாறேன்னு ஒரு வார்த்தயும் சொல்லாத. கைய வீசிக்கினு சும்மா வா. வந்து ஒரு நாளு இரு. நீ எப்டி இருக்கறன்னு நான் பாக்கறேன்."

உள்ளே போய்விட்டாள்.

வண்டி கிளம்பியது. சரக்கில்லாத வண்டி, கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் தூக்கிப் போட்டது. கைகளை மடியில் வைத்துப் பார்த்தான், வண்டிக் கம்பைப் பிடித்துப் பார்த்தான். எங்கே வைத்தாலும் அவை யாருடையவோ போல இருந்தன. பிச்சைமுத்து இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். முதலாளி வாய் திறக்காமல் வண்டியில் வந்து அவன் கண்டதில்லை.

"இன்னிக்கு இன்னாடா கெழம?"

"சனிக்கெழம மொதலாளி."

"அப்ப இன்னும் முழுசா ஏழு நாளு இருக்குது."

"ஆமாங்க."

மாடு நாலு எட்டு நடந்தது.

"நாளைக்கே திரும்பி வந்தா கோச்சிக்குமாடா?"

பிச்சைமுத்து மாட்டை இழுத்து நிறுத்தினான். "மொதலாளி, நாம இன்னும் ஊரு எல்லையே தாண்டல," என்றான்.